மூன்றாவது இழு

அப்பா போகும்போது அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு சொத்துகளை விட்டுவிட்டுப் போனார். ஒன்று டிங்கரிங் பட்டறை. இன்னொன்று மூக்குக்கு மேல் வரும் கோபம். இடிபட்டு வரும் கார்களைப் பட்டறையில் நிமிர்த்திவிடலாம். கோபத்தை நிமிர்த்த ஆள் இல்லை. அப்பா அண்ணனை அடித்தார், அண்ணன் ஊரை அடித்தான். தங்கையையும் அவன் விட்டுவைக்கவில்லை.

வேலை இதுதான். கதவில் நசுங்கிய இடத்துக்கு உள்பக்கமாகத் தங்கை ஒரு இரும்புக் கட்டையைப் பிடிப்பாள், அண்ணன் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுவான். அவன் தட்டும் அதே நொடியில் அவள் கட்டை தகட்டில் மோத வேண்டும். மயிரிழை பிந்தினாலும் தகடு புடைத்துக்கொள்ளும். பதினெட்டு வயதில் ஒருநாள் பிந்தினாள். அண்ணன் சுத்தியலை வீசினான். வலது காதுக்குக் கீழே நான்கு தையல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவள் காது ஒருநாளும் பிந்தவில்லை.

அந்தக் காதை நம்பித்தான் அவள் டிஜே ஆக ஆசைப்பட்டாள்.

பட்டறைக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய நீச்சல் குளம். கூரை போட்ட கட்டடம், தண்ணீர் நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஞாயிறு மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை அந்தக் காலிக் குளத்துக்குள் டிரம் அண்ட் பேஸ் நடக்கும். கேட்டறியாதவர்களுக்குச் சொல்வதென்றால், டிரம் நாய் துரத்துகிற வேகத்தில் ஓடும், பேஸ் அதற்கு அடியில் பாதி வேகத்தில் அடிவயிற்றை உதைத்துக்கொண்டு நடக்கும். ஆழமில்லாத பக்கத்துக் கரையில் டிஜே மேஜை. எதிரே, ஆழமான பக்கத்தில், தொடை உயரப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கி இரண்டு ஸ்பீக்கர் வரிசைகள். நடுவில் முந்நூறு பேர். வாரத்துக்கு ஒரு மூக்காவது உடையும். வாசலில் தடவிப் பார்ப்பதெல்லாம் கத்திக்குத்தான், கையை யார் பிடுங்கி வைப்பது?

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கூட்டத்தில் இடுப்பில் கை வைத்த ஒருவனுடைய விரல்களைச் சுவரோடு வைத்து, பையிலிருந்த இரும்புக் கட்டையால் ஒரே போடு போட்டாள். மூன்று விரல்கள் போயின. அதற்குப் பிறகு யாரும் கிட்டே வரவில்லை. ஆனால் குளத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? அவள் இன்னாருடைய தங்கச்சி, அவனிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்றுதான். அடித்தவள் அவள், பெயர் அண்ணனுக்கு. இது அவளுக்கு ஆறவே இல்லை. குளத்தில் எல்லாரும் அவளை "தங்கச்சி" என்றே கூப்பிட்டார்கள், சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெயர் வாங்க அங்கே ஒரே வழி. பாட்டு உச்சிக்குப் போய் பேஸ் விழுகிற இடம் பிடித்துவிட்டால் கூட்டம் கையைத் தூக்கி "இழு" என்று கத்தும். டிஜே சுழலும் இசைத்தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, ஒரு மூச்சு அமைதி விட்டு, அதே இடத்தை மறுபடி விட வேண்டும். அரைமணி நேரத்தில் மூன்று இழு வாங்கியவர் பெயரைக் குளத்துச் சுவரில் ஒரு டைல்ஸில் பெயிண்டால் எழுதுவார்கள். இதுவரை பதினோரு பெயர்கள். ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை.

இரண்டு வருடம் பட்டறையின் பின்னறையில் இசைத்தட்டு சுற்றும் பழைய மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். ஒரு தட்டு ஓடும்போதே இன்னொன்றின் வேகத்தை அதற்குச் சரியாகக் கொண்டுவந்து, இரண்டு டிரம்மும் ஒரே டிரம்மாகக் கேட்கும்படி சேர்க்க வேண்டும். கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நொடியில் தட்டுகிற அதே வேலை. யாரும் சொல்லித்தரவில்லை, தப்பு விழுந்தால் காதுக்குக் கீழே தழும்பு தானாக அரிக்கும். வீட்டில் விழுந்த அத்தனை அடியிலும் வலிக்காத அடி இது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. அதனால்தான் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்குப் பாட்டில் ஆர்வம் கிடையாது. தகரக் கடையில் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது என்பான். ஆனாலும் குளத்துப் பெட்டிகள் பத்து வருடமாக அவன் பொறுப்பு. பலமான பேஸ் விழும்போது பெட்டி வழுக்கு டைல்ஸில் கொஞ்சங்கொஞ்சமாக நகரும். "பெட்டி நடக்குது" என்பார்கள். நடக்காமலிருக்க, இரும்புக் கொக்கி வைத்த லாரி பெல்ட்டால் அடுக்கைக் குளத்து ஏணிக் கம்பியோடு இறுக்கிக் கட்டுவான். அந்தப் பெல்ட்டை வேறொருவர் தொட்டால் அன்றைக்கு அவருக்குப் பல் மிஞ்சாது.

அந்தப் பத்து வருடத்தில் ஒருநாளும் அவன் "இழு" என்று கத்தியதில்லை. தங்கைக்கு வாய்ப்பு கிடைத்த அன்று பட்டறை வாசலில் வைத்து அவளே கேட்டாள், எனக்காகவாவது கத்துவாயா என்று.

"மாட்டேன்," என்றான். "நான் கத்துனா எனக்குப் பயந்து எல்லாரும் கத்துவானுங்க. அப்புறம் அது உனக்கு வந்ததா, எனக்கு வந்ததான்னு எப்படித் தெரியும்?"

அவன் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாய்ப்பைக் கொடுத்தவர் சலூன்காரர். வாரமெல்லாம் முடி வெட்டுவார், ஞாயிற்றுக்கிழமை குளத்தை நடத்துவார். யாருக்கு எத்தனை மணி என்பது அவர் வாயில் இருந்தது. ஒயர்மேன் என்று ஒருவன், குளத்துக்கு கரண்ட் இழுத்துக் கொடுத்தவன், மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் வாசிப்பான். சலூன்காரர் அதில் பாதியை அறுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். ஒயர்மேனுக்கு வயிறு எரிந்தது. அவள் மேஜை ஏறும்போது வழியை மறித்து நின்றான்.

"நல்லா வாசி. உங்கண்ணன் கைக்குப் பயந்து எல்லாரும் இழுன்னு கத்துவாங்க."

அவள் அவன் முகத்தில் துப்பினாள். அவன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு சிரித்தான். சலூன்காரர் நடுவில் வந்து இருவரையும் பிரித்துவிட்டார்.

முதல் தட்டை வைத்தாள். இரண்டாவதை அதோடு ஒட்டினாள். எட்டாவது நிமிடம் முதல் இழு வந்தது, பதினாறாவது நிமிடம் இரண்டாவது. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் குளத்துக்குள் குதித்தார்கள். இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று. வலது காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசிக்கென்று வைத்திருந்த தட்டை எடுத்தாள்.

ஆழமான பக்கத்தில் அப்போது நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பிறகு பலர் சொல்லித்தான் தெரியும். ஒயர்மேன் பெட்டிகளுக்குப் பின்னால் போய் பேஸ் ஒயரைப் பிடுங்கக் கை வைத்திருக்கிறான். அண்ணன் பார்த்துவிட்டான். பின்மண்டை முடியைப் பிடித்து இழுத்து முகத்தைப் பெட்டி மூலையில் மோதினான். ஒயர்மேனும் சும்மா இல்லை, இடுப்பிலிருந்த திருப்புளியை எடுத்து அண்ணன் தொடையில் இறக்கினான், இரண்டு தடவை. அண்ணனுக்குக் கண் மண் தெரியவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தான். எட்டியது பெல்ட்.

வேறொருவர் தொட்டால் பல்லை உடைத்திருப்பான். அவனே கழற்றினான். பத்து வருடம் பெட்டியைக் கட்டியவன், அன்றைக்கு அது எதைக் கட்டியிருந்தது என்பதையே மறந்துபோனான். கொக்கி முதல் வீச்சில் ஒயர்மேன் கன்னத்தைக் கிழித்தது. அடுத்த வீச்சில் தாடை போயிற்று. மூன்றாவதில் அவன் பெட்டிகளுக்கு முன்னால் மல்லாக்க விழுந்தான். விழுந்தவனை அண்ணன் மறுபடியும் அடித்தான். சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி வட்டம் போட்டு வேடிக்கை பார்த்தார்கள், குளத்தில் அது புதுசா என்ன?

அந்த நேரம் பார்த்து அவள் கடைசித் தட்டின் பேஸ் விழுந்தது.

பெட்டிகள் நடந்தன. மேல் பெட்டி முன்னுக்குச் சாய்ந்ததை முதலில் கண்டவன் அண்ணன்தான், அது அவன் தொழில். விலகியிருக்கலாம். இரண்டடி எடுத்து வைத்தால் போதும். கீழே ஒயர்மேன் வாயில் ரத்தம் நுரைக்கக் கிடந்தான், எழ முடியவில்லை. அண்ணன் பெல்ட்டை எறிந்துவிட்டு அடுக்குக்கு முதுகைக் கொடுத்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி மேல் பெட்டியைத் தாங்கினான். தாங்கிக்கொண்டே கத்தினான்.

"இழு!"

பக்கத்தில் நின்ற பத்துப் பேர் ஒருவரையொருவர் பார்த்து "இழு, இழு" என்றார்கள். இரண்டு பேர் குனிந்து ஒயர்மேன் காலைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஆள் தெரியவில்லை, சொல் மட்டும் கேட்டது. அந்தக் குளத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். முந்நூறு கைகள் மேலே போயின. குளமே கத்தியது.

அவள் மேஜையிலிருந்து பார்த்தாள். தலைகளுக்கு மேல் கைகள். கடைசியில், பெட்டிக்குப் பக்கத்தில், அண்ணனுடைய இரண்டு கைகள். மூன்று என்று எண்ணினாள். தட்டில் உள்ளங்கையை வைத்துப் பின்னுக்கு இழுத்தாள்.

அந்த ஒரு மூச்சு அமைதி. அதில் ஒரே ஒரு குரல் தனியாகக் கேட்டது.

"இழு!"

அண்ணன் குரல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டம் வழக்கம்போல அடுத்த அடிக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு பெட்டிப் பக்கம் தள்ளியது. குனிந்திருந்த இருவரும் மிதிபட்டார்கள், அவர்கள் பிடி விட்டுப்போயிற்று. அவள் தட்டைவிட்டுக் கையை எடுத்தாள். பேஸ் மறுபடி விழுந்தது. அதோடு நான்கு பெட்டியும் விழுந்தன.

ஒயர்மேன் அங்கேயே போய்விட்டான். அண்ணனுக்கு மூன்று விலா முறிந்தது, வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுத்தியல் பிடித்த கை.

மறுநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்ணைத் திறந்ததும் அவளைத் தேடினான். குளத்தில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள், அவள் மட்டும் பாட்டை இழுக்காமல் விட்டிருந்தால் ஒயர்மேனை வெளியே எடுத்திருக்கலாம் என்கிறார்கள் என்பது அதற்குள் அவன் காதுக்கு வந்துவிட்டது.

"உன் காதுல விழுந்தது சரிதான்," என்றான். "பாட்டைத்தான் இழுக்கச் சொன்னேன்."

ஒரு நிமிடம் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அதை நம்பிவிட வேண்டும் என்று உயிர் துடித்தது. பட்டறை வாசலில் நின்றுகொண்டு அவன் சொன்னது அடுத்த நிமிடமே ஞாபகம் வந்தது. உனக்காக நான் கத்த மாட்டேன். சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிற பிறவி அவன், பொய் சொல்லத் தெரியாது. பாட்டை என்று சொல்லும்போது அவன் கண் அவளைப் பார்க்காமல், அறுத்துக் கட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சலூன்காரர் போன் செய்தார். அழுதார், விசாரித்தார், கடைசியில் தயங்கித் தயங்கி அதையும் சொன்னார். விதி விதிதான், மூன்று மூன்றுதான், குளம் மறுபடி திறந்தால் அவள் பெயர் சுவரில் ஏறும், முழுப் பெயரையும் சொல்லு என்றார். அவள் பெயரைக் கொடுக்காமலே போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். வயதானவர், பொறுமைசாலி. இருபது பேரிடம் கேட்டுவிட்டார், எல்லாரும் அந்த ஒரே சொல்லைச் சொல்கிறார்கள், அது என்ன என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கீழே கிடந்தவனை இழுக்கச் சொல்லியிருந்தால் அது ஒரு வழக்கு. ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு, சாய்கிற பெட்டிக்குக் கீழே கிடக்க வைத்துக்கொண்டு, பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லியிருந்தால் அது வேறு வழக்கு. இரண்டாவதில் வெளியே வருவது கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னார்.

"பாட்டைத்தான்," என்றான் அண்ணன், யோசிக்காமல். "எழுதிக்குங்க."

போலீஸ்காரர் பேனாவை நோட்டில் வைத்தார்.

"எழுதாதீங்க சார்," என்றாள் அவள். "அவன் ஆளைத்தான் இழுக்கச் சொன்னான்."

அண்ணன் இடது கையால் பக்கத்திலிருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து அவள்மேல் வீசினான். நெற்றியில் பட்டுத் தெறித்தது. வாயை மூடு என்று கத்தினான், தையல் பிரிந்து கைக்கட்டு ரத்தத்தில் நனைந்தது. நர்ஸ் ஓடி வந்தாள். தங்கை நெற்றியைத் துடைக்கவில்லை, நகரவும் இல்லை. பிறந்ததிலிருந்து அவன் வீசியதிலேயே இது ஒன்றுதான் அவளைக் காப்பாற்ற வீசியது, அதனால் இது எல்லாவற்றையும்விட வலித்தது.

போலீஸ்காரர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்படியானால் பாட்டை ஏன் இழுத்தாய் என்று கேட்டார். அவள் பெயரையும் கேட்டார். அவள் முழுப் பெயரையும் சொன்னாள், அவர் எழுதும்வரை காத்திருந்தாள்.

"நடுவுல ஒரு நொடி சத்தம் நின்னுச்சு சார். அப்போ அண்ணன் குரல் மட்டும் கேட்டுச்சு. எனக்காகத்தான் கத்துறான்னு நினைச்சேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு," என்றாள். "மறுபடி விடும்போது வால்யூமையும் கூட்டி விட்டேன்."

போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.