ஆபீஸ் மால்

மாலை ஆனால் போதும். பிரேசர் டவுனில் இருந்த அந்த ஆபீஸ் வாசலில், கூட்டித் துடைக்கும் வள்ளியம்மாவின் பையை வாட்ச்மேன் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவான். கழுத்தில் கார்டு தொங்கவிட்டவர்கள் பேசிச் சிரித்தபடி தாண்டிப் போவார்கள். அவர்கள் பையை யார் தொடுவது? இத்தனைக்கும் காரணம், கம்ப்யூட்டர்களுக்குள் இருந்த விரல் நீள மெமரி அட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்ததுதான்.

"சோத்து டப்பாவுல கம்ப்யூட்டரா சார் ஒளிச்சி வச்சிக்கிறேன்?" என்று வெடித்தாள் வள்ளியம்மா.

கணக்குப் பிரிவு ஜெயராமனுக்கு அந்த வாயே சந்தேகத்தைக் கிளப்பியது. "தப்பு பண்ணாதவளுக்கு இவ்வளவு கோபம் எதுக்கு சார்?" என்று மேனேஜர் அறையில் போய் ஓதினார். திங்கட்கிழமை அவளை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. பாவம், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பே எரிந்தது.

சனிக்கிழமை, மகள் அனுஷாவின் கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்கிறது என்று மெமரி வாங்கக் கிளம்பினார் ஜெயராமன்.

"மெமரி அடியில ஒரு வெட்டு இருக்கிற மாடலா, ரெண்டு வெட்டா சார்?" என்றார் எஸ்.பி. ரோடு கடைக்காரர்.

"ரெண்டு வெட்டு."

"பில் மால் வோணுமா, ஆபீஸ் மாலா? ஆபீஸ் மால் பாதி விலை. பில் வராது."

ஆபீஸ் மால் என்றால் ஆபீஸ்களுக்கென்றே வருகிற உசத்தியான சரக்கு என்று நினைத்துக்கொண்டார் நம் மனிதர். ஊரையே சந்தேகிக்கிறவருக்குப் பாதி விலையின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை! "அதையே குடுங்க" என்று கையை நீட்டினார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தார். பாதி சுரண்டிய ஸ்டிக்கரில் அவருடைய ஆபீஸ் பெயர்.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"ஆபீஸ்ல கழட்னது சார், அதான் ஆபீஸ் மால். உங்கள மாரி படிச்சவரு ஒருத்தரு கார்ல வருவாரு. பைகூட கிடையாது, சட்டைப் பாக்கெட்லயே எடுத்துனு வருவாரு."

ஜெயராமனுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டு, பில் போட்டதை வாங்கிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் வள்ளியம்மா கணக்கு முடிக்க நின்றிருந்தாள். ஜெயராமன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"ஏழைங்கிறதால இவங்க பையைக் கொட்டினோம் சார், நம்ம பாக்கெட்டை யாரும் பார்க்கல. பில் இல்லாம மலிவா வாங்க என்னை மாதிரி ஆள் இருக்கிற வரைக்கும் இந்தத் திருட்டு நிக்காது. இவங்களை அனுப்பாதீங்க."

வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டாள்.

"திருடின்னு ரூமுக்குள்ள சொன்னீங்க சார். இல்லன்னு வாசல்ல வந்து சொல்லுங்க."