முங்க முடியாத ஆமை

இரண்டாயிரத்து இரண்டு, மாசி மாதம். கொக்கிலமேட்டுக் கரையில் மீன் கூடையோடு காத்திருந்த சின்னப்பொண்ணு, புருஷன் சீனுவின் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். வலைக்கு நடுவே, முட்டையிடக் கரைக்கு வரும் கடலாமையான பங்குனி ஆமை ஒன்று கிடந்தது.

"இன்னாய்யா, மீனு புடிக்கப் போயி விருந்தாளிய இட்டாந்துகீற?"

"கட்ட மாதிரி மெதந்துகினு இருந்துச்சு புள்ள. முங்கப் பாக்குது, முடியல. வுட்டுட்டு வர மனசு கேக்கல."

பக்கத்து இறால் பண்ணையின் மேனேஜர் கேசவன் காலியாக இருந்த ஒரு தொட்டியில் கடல்தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாட்டு டாக்டர் ரோகிணியையும் வரவழைத்தார். ஆமையின் வாலடியில் நீல நிறத்தில் ஏதோ நுனி நீட்டிக்கொண்டிருந்தது. சீனு அதைப் பிடிக்கப் போனான்.

"இழுக்காதீங்க! குடலும் சேர்ந்து வந்துடும்" என்று டாக்டர் அவன் கையைத் தட்டிவிட்டார். "பிளாஸ்டிக் பை. ஜெல்லி மீன்னு நினைச்சு முழுங்கியிருக்கு. வயித்துல காத்து சேர்ந்து போச்சு, அதான் முங்க முடியல. தானா வெளிய வரணும்."

குழாய் வழியாக எண்ணெய் புகட்டினார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, தினமும் கணவாய் மீன் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அன்றிலிருந்து சந்தை முடிந்ததும் சின்னப்பொண்ணு தொட்டிக்குத்தான் வந்தாள். கணவாயைப் பொடிசாக நறுக்கி, ஆமையின் வாயருகே நீட்டிக் கெஞ்சுவாள். "துன்னுடி என் ராஜாத்தி." ராஜாத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"எனக்கு ஒரு நாளாச்சும் இப்டி ஊட்டி வுட்டுகீறியா?" என்றான் சீனு.

"நீயும் பைய முழுங்கிட்டு வா, ஊட்டி வுடறேன்."

ஒரு காலை அவள் வந்தபோது சீனு இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "வந்துடுச்சு புள்ள!" அவன் கையில் கயிறாய் முறுக்கிய ஒரு நீலப் பை. அவள் அதைக் கழுவி விரித்தாள். முகம் வாடிவிட்டது.

"தெனம் இதே மாதிரி பையிலதான்யா நானு மீனு போட்டுக் குடுக்கறேன்."

"ஒன்னுதுன்னு எழுதியா கீது? கடலு பூரா அதான் கீது."

"யாருதா இருந்தா இன்னா? துன்னது ராஜாத்திதான?"

மறுநாள் ஆமை கணவாயைக் கவ்விக்கொண்டு தொட்டியின் அடிவரை இறங்கியது. ஒரு வாரம் கழித்து, கடலில் விடலாம் என்றார் டாக்டர்.

சின்னப்பொண்ணு தானும் படகில் வருவேன் என்று அடம்பிடித்தாள். பெண் படகேறினால் ஊர் சிரிக்கும் என்று முணுமுணுத்தாலும், சீனு அவளை ஏற்றிக்கொண்டான். போகும் வழியெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள். ஆழம் வந்ததும் இருவருமாக ஆமையைத் தூக்கி நீரில் இறக்கினார்கள். அது சட்டென்று முங்கியது. வெகு நேரம் கழித்து, தூரத்தில் தலை தூக்கி ஒரு மூச்சு விட்டது. மறுபடி முங்கிப் போயிற்று.

"திரும்பிக்கூடப் பாக்கல பாருய்யா" என்று அழுதாள்.

"பொழச்சுப் போவுது, அதுக்கு ஏன் அழுவற? நான் கீறன் இல்ல" என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான் சீனு.

மறுநாள் சந்தையில், "பாத்திரம் எடுத்தாந்தா மீனு, இல்லன்னா இல்ல" என்று சொல்லிவிட்டாள். பாதிப் பேர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மீந்த சங்கரா மீனைக் கொண்டுவந்து குழம்பு வைத்தாள். சீனு இன்னொரு தட்டு சோறு கேட்டான்.