தட்டிவிட்டு இரண்டடி பின்னால்

பெருந்தொற்று வந்த பிறகு அந்தச் சுகாதாரப் பணியாளருக்குச் சிரிப்புக்காரி என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குத் தினமும் போவாள். கதவைத் தட்டுவாள், இரண்டடி பின்னால் நகர்வாள், "காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குதா, ராத்திரி தூங்கினீங்களா, பயமா இருந்தா மறைக்காம சொல்லுங்க" என்று கடகடவென்று கேட்பாள். உள்ளே இருப்பவர்களைச் சிரிக்க வைக்காமல் அடுத்த வீட்டுக்கு நகர மாட்டாள். ஊருக்குத்தானே உபதேசம். அவள் ஒழுங்காகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

பணியாளர்கள் மனம் விட்டுப் பேச ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்திருப்பதாகச் சுகாதார நிலையத்து நர்ஸக்கா சொன்னபோதும் இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினா அந்த ஆளுக்குத்தான் ஆலோசனை தேவைப்படும்க்கா. எனக்கு வேணாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அந்தச் சாமர்த்தியசாலி வீட்டு வாசலில் செய்த காரியம் இது. கைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு தன் வீட்டுக் கதவையே தட்டினாள். இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "சுகாதார நிலையத்துலேர்ந்து வந்திருக்கேன். வீட்டுல யாருக்காவது காய்ச்சல் உண்டா?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த அழகில் நீ ஊரைப் பார்த்துக்கொள்கிறாயாக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளே மாமியார் இருக்க வேண்டும், சத்தமே இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை. போன வாரம் மூலை வீட்டுத் தையல்காரரும் இப்படித்தான் கதவைத் திறக்கவில்லை. முந்தின நாள் அவளோடு சிரித்துப் பேசியவர். உடைத்துத்தான் திறந்தார்கள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் ஈரத்தலையோடு வந்து திறந்தாள். "குளிச்சுட்டிருந்தேன். சாவி எங்க? ஏன் படியில உட்கார்ந்திருக்க?"

"ஒவ்வொரு வீட்லயும் இப்படித்தான் ஆகுது அத்தை. திறக்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. திறந்துட்டா அந்த நிம்மதியில கண்டபடி சிரிச்சுத் தொலைக்கறேன்."

தள்ளி உட்காரச் சொல்லியும் கேட்காமல் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லச் சொன்னாங்க. வேணாம்னுட்டேன்."

"ரொம்ப நல்லா இருக்கு உன் வீம்பு. போனை எடு."

எடுத்து நம்பரைப் போட்டாள். "என்னடி, இன்னும் ஏதாவது கிண்டல் பாக்கியா?" என்றாள் நர்ஸக்கா. பதிலுக்கு ஒன்று நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. அதை விழுங்கினாள்.

"இல்லக்கா. என்னால முடியல."