தொண்டை கட்டியவரின் எஸ்பிரெசோ

எஸ்பிரெசோ மிஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் சமையலறையை 'பார்' என்று அழைக்க ஆரம்பித்தார். விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை முடிந்து வந்து அந்தப் பாரில் நின்றுதான் அவள் வெங்காயம் நறுக்கினாள். அதுவும் கொஞ்ச நாள்தான். பிறகு வெங்காயத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

மிஷின் என்னவோ சின்னதுதான். அந்தக் கம்பெனி போடுகிற மிஷின்களில் அதுதான் கடைக்குட்டி. ஒரு பட்டன், ஒரு பச்சை விளக்கு, தூளை அடைத்து மாட்டுவதற்கு நீளக் கைப்பிடி வைத்த ஒரு கிண்ணம். தண்ணீர் சூடானால் விளக்கு எரியும், எரிந்தவுடன் பட்டனை அழுத்தினால் காபி இறங்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மிஷினுக்குப் பின்னாலேயே அதன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். தூளை நிறுக்க நகைக்கடையில் இருப்பது போல ஒரு தராசு. கட்டி உடைக்க ஊசிக் கொத்து. தூளை அமுக்க ஒரு கட்டை, கட்டை உட்கார ஒரு ரப்பர் மெத்தை, மெத்தையைத் துடைக்க ஒரு துணி. அந்தத் துணியால் வேறு எதையும் துடைத்துவிடக் கூடாது. ஒருநாள் தெரியாத்தனமாக மனைவி அதில் கை துடைத்துவிட்டாள். மாஸ்டர் பார்த்த பார்வையில் அவளுக்குத் தன் கைமீதே சந்தேகம் வந்துவிட்டது.

இத்தனை பேர் கூடி இழுத்த தேரில் வந்த காபி எப்படி இருந்தது? புளித்தது. சாதாரணப் புளிப்பில்லை; ஒரு கண்ணைத் தானாக மூடவைக்கும் புளிப்பு.

"இதுக்குப் பேர் அசிடிட்டி. நல்ல கொட்டைக்கு அடையாளம்," என்றார் மாஸ்டர்.

"எனக்கும் அதேதான் வந்திருக்கு," என்றாள் மனைவி, நெஞ்சைத் தடவிக்கொண்டு.

அவர் கொட்டையை மாற்றினார். அரவையை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அவர் பேச்சு. தூளை நிறுத்து, குத்தி, அமுக்கி முடித்ததும் மாஸ்டர் அந்தக் கைப்பிடியை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வார். "இந்த மாதிரி ஆரம்ப மிஷின் வெச்சிருக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா..." என்று தொடங்கினால், தூளின் பருமன், நீரின் அழுத்தம், மலைச்சரிவு, மழை, உலக வணிகம் என்று போய்க்கொண்டே இருக்கும். பச்சை விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும், சலித்துப்போய் மறுபடி அணையும். டிரைவிங் ஸ்கூலில் அவரிடம் படிப்பவர்களுக்கு சீட் பெல்ட் உண்டு, எழுந்து ஓட முடியாது. வீட்டில் அந்த வசதி இல்லாததால் மனைவி பாதியில் போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் இஸ்திரி மேசைமேல் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை அக்காவும் அத்தானும் வர்றாங்க. அத்தான் உங்க காபியை ஒரு கப், அடி தெரியற வரைக்கும் குடிச்சார்னா இந்த மிஷின் இங்கேயே இருக்கட்டும். மிச்சம் வெச்சார்னா, அன்னிக்கே பரண்ல ஏத்திடுவேன். அந்தக் கட்டை, மெத்தை, பரிவாரம் எல்லாம் சேர்த்து."

"அவரா? அவர் நாக்கை வெச்சா எனக்கு மார்க் போடறே?"

"அவர்தான் காபி பத்தி கோர்ஸ் படிச்சவராச்சே. நீங்கதானே பொறாமைப்பட்டீங்க."

அத்தான் என்பது மாஸ்டரின் சகலை. லிஃப்ட் விற்கும் கம்பெனியில் பெரிய பதவி. எந்த விஷயத்துக்குள்ளும் மேல் மாடியிலிருந்துதான் இறங்குவார். அவர் வீட்டு மிஷினில் இரண்டு முள் ஓடும் வட்டங்கள் உண்டு, விமானம் ஓட்டலாம் போலிருக்கும். போன தடவை மாஸ்டரின் மிஷினைப் பார்த்து, "பரவாயில்ல சகலை, விளையாடிப் பழகறதுக்கு நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்த ஆள் முன்னால் பரணில் ஏறுவது மிஷின் மட்டுமாக இருக்காது என்று மாஸ்டருக்குத் தெரியும்.

ஆகவே அந்த வாரம் முழுக்க உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்வது என்று முடிவெடுத்தார். அதற்குள் தொண்டை போய்விட்டது. வண்டி ஓட்டப் பழக வந்த ஒரு பல் டாக்டர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க, மாஸ்டர் "பிரேக்! பிரேக்!" என்று கத்தியதில் வண்டி நின்றது, குரலும் நின்றது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, குசுகுசுப்பும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். மாஸ்டரின் மனைவி அந்த டாக்டருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை மாஸ்டர் சமையலறைக்குள் துக்க வீட்டுக்குள் போவது போலப் போனார். மிஷினைப் போட்டார். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து என்ன செய்வது? பேசத்தான் முடியாதே. அது மிஷினிலேயே மாட்டியபடி கிடந்து சூடேறியது. கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றினார், தூளை அடைத்தார், அமுக்கினார், மாட்டினார். விளக்கு எரிந்தது. விளக்கைப் பார்த்தார், விளக்கும் அவரைப் பார்த்தது. எதுவும் சொல்ல முடியாததால் பட்டனை அழுத்தினார்.

காபி எலிவால் மாதிரி மெல்லிசாக, நிதானமாக இறங்கியது. மேலே தேன் நிறத்தில் நுரை கட்டியது. ஒரு வாய் குடித்தார். இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.

வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல எஸ்பிரெசோ போட்டுவிட்டார், அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஹாலுக்கு ஓடி, மனைவியின் கையில் கப்பைத் திணித்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, மிஷினைக் காட்டி, கூரையைக் காட்டி, என்னவோ சைகை செய்தார். அவள் முதலில் நெஞ்சுவலியோ என்று பயந்தாள். பிறகு குடித்துப் பார்த்தாள். கப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த நாளும் அப்படியே வந்தது. அன்று அவள் சமையலறை வாசற்படியில் நின்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட, இவ்வளவுதானா? நீங்க பேசற நேரத்துல அந்தக் கைப்பிடி ஆறிப் போயிடுதுங்க. சில்லுனு ஆன இரும்புல தண்ணி விழுந்தா புளிக்காம என்ன செய்யும்? விளக்கு எரிஞ்சதும் அழுத்தணும். எங்க ஆஸ்பத்திரில நான் 'மூச்சை அடக்குங்க'ன்னு சொல்லிட்டு, எக்ஸ்ரேயை யார் கண்டுபிடிச்சாங்கன்னு கதை சொல்லிட்டு நின்னா என்ன ஆகும்? பேஷண்ட் நீலமாயிடுவார்!"

மாஸ்டர் ஒரு துண்டுத்தாளை இழுத்து வேகமாக எழுதிக் காட்டினார்: 'எனக்கு முன்னாடியே தெரியும்.'

ஞாயிற்றுக்கிழமைக்குள் குரல் திரும்பிவிட்டது. அதுதான் சிக்கல். அக்கா ஹாலில் உட்கார்ந்துகொள்ள, சகலை நேராகச் சமையலறைக்கு வந்தார், பின்னால் கை கட்டிக்கொண்டு மிஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னும் ஓடுதா சகலை இது? நான் தப்பா சொல்லல, ஆனா அழுத்தம் பத்தாதே. அழுத்தம்ங்கறது லிஃப்ட் மாதிரி. கீழே இருந்து..."

லிஃப்டுக்கும் அழுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாஸ்டருக்கு நாக்கு துடித்தது. காதுமடல்கூடச் சிவந்துவிட்டது. சகலைக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி, ஆஸ்பத்திரிக் குரலில் மெதுவாகச் சொன்னாள்: "மூச்சை அடக்குங்க."

நிஜமாகவே அடக்கினார். விளக்கு எரிந்தது. அழுத்தினார்.

சகலை மோந்து பார்த்தார், கப்பைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு மிடறு குடித்தார். அடுத்த மிடறுக்கு அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்ததற்கும் சொல்லவில்லை. கடைசியில் கப்பின் அடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மாஸ்டரின் மனைவி கப்பை எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். மிஷின் பிழைத்தது.

"நல்ல மிஷின்!" என்றார் சகலை.

இதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மிஷினா?" என்றார் மாஸ்டர். "மிஷின் என்ன சகலை மிஷின்! அது பாட்டுக்குச் சும்மா கிடக்கற டப்பா. எல்லாம் கை! இருங்க, இன்னொண்ணு போடறேன், பக்கத்துல வந்து நின்னு பாருங்க." கைப்பிடியைக் கழற்றினார், தூளை அடைத்தார், வாய்க்கு நேரே பிடித்தார். "இந்த மாதிரி ஆரம்ப மிஷின் வெச்சிருக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, சரியான நேரத்துக்கு அழுத்த மாட்டாங்க. வளவளன்னு பேசிட்டே இருப்பாங்க. இரும்பு ஆறிடும். இரும்போட குணம் என்னன்னா..."

விளக்கு எரிந்தது. இரும்பின் குணம் நீண்டது. விளக்கு அணைந்தது. மனைவி இருமினாள், செருமினாள், ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள். மாஸ்டர் அதற்குள் தாதுச் சுரங்கம் வரை போயிருந்தார்.

இரண்டாவது கப்பை வாயில் வைத்ததும் சகலைக்கு ஒரு கண் மூடிக்கொண்டது.

"தப்பா நினைக்காதீங்க சகலை," என்றார், உதட்டைத் துடைத்துக்கொண்டு. "மொதல் கப்பை மிஷின் போட்டுச்சு. இதை நீங்க போட்டீங்க போலிருக்கு."

அவர்கள் கிளம்பிப் போனதும் மாஸ்டர் மிஷினைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார். "பரண்லயா ஏத்தப் போற?"

"எதுக்கு? ஒரு கப் முழுசா குடிச்சாரா இல்லையா? சொன்னது சொன்னதுதான். இங்கேயே இருக்கட்டும்."

"நான் அப்பவே சொன்னேன் இல்ல, இந்த மிஷினோட..."

"இருங்க, முடிக்கல. இனிமே நீங்க காபி போடறப்ப நான் பேசுவேன். எனக்கும் ஆஸ்பத்திரில நடக்கறது, வீட்ல நடக்கறதுன்னு நிறைய இருக்கு. உங்ககிட்ட சொல்ல இத்தனை வருஷமா சந்தே கிடைக்கல."

மறுநாள் காலையே அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் தூளை நிறுத்துக்கொண்டிருந்தபோது, மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த பேஷண்ட் கதையைச் சொன்னாள். அவர் அமுக்கிக்கொண்டிருந்தபோது, பெரிய டாக்டர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விளக்கம் கொடுத்ததைச் சொன்னாள். மாஸ்டருக்கே சிரிப்பு வந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சூடான கைப்பிடியை மாட்டிவிட்டு, விளக்கைப் பார்த்தபடி நின்றார்.

"அப்புறம், சொல்ல மறந்துட்டேன்," என்றாள் அவள். "அத்தான் நேத்து போகும்போது என்னைத் தனியா கூப்பிட்டார். அந்த மொதல் கப் மாதிரி கிடைக்கும்னா ஆபீஸ் போற வழியில தினமும் காலைல இங்க வந்துடறேன்னார். சந்தோஷமா வாங்கன்னு சொல்லிட்டேன்."

மாஸ்டர் விருட்டென்று திரும்பினார். வாயைத் திறந்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

வாயை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.