போணி நேரத்துப் படம்

சிராங்கூன் ரோட்டில் எங்கள் துணிக்கடைக்கு இரண்டு கதவுகள். ஒன்றின் வழியாக வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டு வருவார். இன்னொன்றின் வழியாகக் கோபித்துக்கொண்டு போவார். கோபித்துப் போகிறவர் ஏழாவது அடியில் திரும்பிப் பார்ப்பார். அப்போது நாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் வியாபாரம். மற்றதெல்லாம் மடிப்புக் கலையாமல் சேலையை அடுக்குகிற வேலை.

1960இல் நடந்த சங்கதி இது. எங்கள் கடைக்கு மூன்று கடை தள்ளி பரமசிவம் ஸ்டூடியோ. அவருடைய தங்கை மகள் சந்திரமதி அங்கே வேலை பார்த்தாள். வரன் பார்க்க அனுப்புகிற படங்களில் பெண்களின் அம்மைத் தழும்பை நெகட்டிவ் மேலேயே பென்சிலால் மறைப்பாள். இந்தத் தெருவில் பாதிப் பேருடைய உண்மையான முகம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வேலை இல்லாத நேரத்தில் மாமாவின் பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தேக்கா மார்க்கெட் பக்கம் சுற்றுவாள். அந்தக் கேமராவுக்கு மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். அதனால் அவள் படம் எடுப்பது தூரத்திலிருந்து பார்த்தால் சாமி கும்பிடுவது மாதிரி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விறுவிறுவென்று கடைக்குள் வந்தாள்.

"காதர் அண்ணே, நம்ம தெருவுக்கு என்ன படம் வச்சிருக்காங்க தெரியுமா? பாம்பாட்டி!"

நகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி நடக்கப் போகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கை, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பெரிய படம். அந்த அலுவலகத்துக்கு விவரம் கேட்கப் போனவள் கோப்பைப் பார்த்துவிட்டாள்.

"எந்தப் பாம்பாட்டி?"

"ஓட்டல் வாசல்ல வெள்ளைக்காரங்களுக்கு மகுடி ஊதுவானே, அவன்தான். அவன் நம்ம தெருவுலயே இல்ல அண்ணே! கேலாங்குக்கு மீன்காரர் படம். சைனாடவுனுக்குக் கூடை தூக்குற பொம்பளைங்க. நமக்குப் பாம்பு."

"நீ என்ன சொன்னே?"

"இது எங்க தெரு இல்லைன்னேன். அங்க இருந்த அதிகாரி, அப்ப நல்ல படம் ஒண்ணு திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள கொண்டு வா, மாத்துறேன்னாரு. இல்லைன்னா பாம்புதான்."

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. இந்தத் தெருவில் பட்டிலிருந்து பாக்கு வரை கிடைக்கும். பத்து ஊர்த் தமிழும் நாலு நாட்டுப் பாஷையும் ஒரே தராசில் உட்காரும். இத்தனை பேர் எழுந்து உழைக்கிற இடத்துக்கு அடையாளம் கூடைக்குள் சுருண்டு கிடக்கிற ஒரு பிராணியா?

"மாமா ஒரே ஒரு ரோல்தான் கொடுத்திருக்காரு. பன்னெண்டு படம். ஞாயித்துக்கிழமை காலைல எடுக்கணும். ராத்திரி கழுவி, காலைல கொடுத்துடுவேன்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும். அதுதான் படம்."

தலையாட்டினேன். ஆனால் பிறந்ததிலிருந்து கூவி விற்றே வளர்ந்த வாய். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எருமை ரோட்டில் மாட்டுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. பூக்கடை சுப்பிரமணியத்திடம் மட்டும்தான் சொன்னேன். அவரும் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கடையைத் திறந்தேன். திறந்ததும் தெருவைப் பார்த்தேன். ஒரு வெங்காயத் தோல் கிடையாது. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் தண்ணீர் தெளித்துக் கோலம். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டைகளை மறைத்து ஒரு திரை கட்டியிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் பரமசிவம் ஸ்டூடியோவின் தாஜ்மகால் திரை. மனு எழுதுகிற கோவிந்தசாமி, கண்ணாடி பளபளக்கும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எந்தப் பக்கம் தெரு என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சுப்பிரமணியம் அண்ணன் கல்யாணக் கோட்டைப் போட்டு, பூக்கூடைகளை உள்ளே ஒளித்துவிட்டு, வெறும் மேசைக்குப் பின்னால் விறைப்பாக நின்றார்.

"அண்ணே, பூ எங்கே?"

"பூ தினமும்தான் இருக்கு. கோட்டு தினமுமா இருக்கு?"

நானும் யோக்கியன் இல்லை. ஜரிகைத் தொப்பியும் பெருநாள் சட்டையும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

சந்திரமதி கேமராவோடு வந்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒரு கெஜம் அளந்து வெட்டினால் கத்தரி முனை மழுங்கிப் போயிருக்கும்.

"சும்மா சொல்லி வச்சேன் தங்கச்சி" என்றேன்.

யாரையும் விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, கோட்டு மாட்டி நிற்கிற மனிதரிடம் உங்களை எடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவும் முதல் போணி ஆகாத நேரத்தில், ஒருவரை இல்லை என்று ஒதுக்கினால் அந்த வாரம் முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்று தெருவே நம்பும். சுப்பிரமணியம் ஒன்று. கோவிந்தசாமி ஒன்று. தாஜ்மகாலுக்கு முன்னால் மளிகைக்காரர் குடும்பம் ஒன்று. பால்காரர் மாட்டோடு ஒன்று; மாடு மட்டும்தான் அசைந்தது.

"ஃபிலிம் நகத்தாம சும்மா டப்புன்னு சத்தம் மட்டும் பண்ணிடு" என்று காதோடு சொன்னேன்.

"ஏமாத்த மாட்டேன் அண்ணே. நாளைக்குப் படம் எங்கேன்னு வந்து நின்னா படத்துக்குப் பதிலா நீங்க தொப்பிய நீட்டுவீங்களா?"

ஒன்பது படம் போய்விட்டது. ஒன்பதிலும் விறைத்த கழுத்துகள். மீதி மூன்று. அவள் எங்கள் கடை எதிரே காப்பிக்கடைத் தூணில் சாய்ந்தாள். கண் கலங்கியிருந்தது. மணி எட்டரை. வழக்கமாக நெரிசலாக இருக்கிற தெருவில் ஒரு வாடிக்கையாளர் இல்லை. வந்தவர்களும் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்துத் தள்ளி நின்றார்கள்.

அப்போதுதான் செம்பவாங் பஸ்ஸிலிருந்து பூவம்மா இறங்கினாள்.

பூவம்மாவின் புருஷன் கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு, முதல் பஸ்ஸைப் பிடித்து, போணி ஆவதற்கு முன்னால் எங்கள் கடைக்கு வந்து நிற்பாள். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய ராசி போய்விடும் என்பது எங்களுடைய பயம். அந்தப் பயத்தின் விலை என்ன என்பது அவளுக்கு அத்துப்படி. கோலமோ கோட்டோ தாஜ்மகாலோ எதையும் அவள் பார்க்கவில்லை. நேராக மாம்பழ நிற வாயில் சேலையைத் தொட்டாள்.

"என்ன பாய், தொப்பி மின்னுது? வெலைய ஏத்திட்டீங்களா?"

"உங்களுக்கு ஏத்துவேனா? பதினொரு வெள்ளி."

"பதினொண்ணா! பஸ்ஸுல வந்த களைப்புல காது அடைச்சுப் போச்சு. அஞ்சுன்னுதானே சொன்னீங்க?"

"அக்கா, அஞ்சுக்கு முந்தானை மட்டும் வரும்."

"முந்தானைய நீங்களே வச்சுக்குங்க, மீதியக் கொடுங்க."

பூக்கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சுப்பிரமணியம் ஒரு காதை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். நான் பத்து என்றேன். அவள் சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அதன் வழியாகத் தெருவைப் பார்த்து, "அந்தக் கோட்டுக்காரர் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியுதே, இதக் கட்டிட்டு நான் வெளிய போறதா?" என்றாள். கோட்டுக்காரர் வெயில் தாங்காமலோ வெட்கம் தாங்காமலோ கோட்டைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஒம்போது" என்றேன். "போணி நேரம், அதுக்காக."

"போணி நேரம்னு நானும்தானே சொல்றேன்!" அவள் சேலையைப் போட்டுவிட்டு இன்னொரு கதவு வழியாக வெளியேறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணினேன். ஏழாவது அடியில் திரும்பவில்லை. எட்டு. ஒன்பது. கல்லாவைத் தாண்டிப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அக்கா! எட்டு!" என்று கத்தினேன்.

எதிர்த் தூணில் 'டக்' என்றது.

கடைக்கண்ணால் பார்த்தேன். சந்திரமதி குனிந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பூவம்மா திரும்பி வந்தாள். சுருக்குப் பையில் கை வைத்தாள். எட்டு வெள்ளிக்கு முடிந்தது; எனக்கு லாபம், அவளுக்கும் திருப்தி. பை திறந்தால் பேரம் தீர்ந்தது. பேரம் தீர்ந்தால் தெருவுக்குக் கேமரா ஞாபகம் வரும். எல்லாரும் கழுத்தை விறைத்துக்கொள்வார்கள். நடுவே ஒரு பஸ் குறுக்கே போனதில் பதினோராவது படம் பாழாகிவிட்டது என்று சந்திரமதி உதட்டைக் கடித்ததிலேயே தெரிந்தது. ஒன்று பாக்கி.

வியாபாரி வாழ்நாளில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். படிந்த பேரத்தைக் கலைத்தேன்.

"எடுத்துக்குங்க அக்கா. செம்பவாங்குல இப்படி நூல எங்க பாத்திருக்கப் போறீங்க?"

பை படக்கென்று மூடிக்கொண்டது.

"என்ன சொன்னீங்க?" குரல் தேக்கா மார்க்கெட் வரை கேட்டிருக்கும். "என் புருசன் கப்பலுக்குத் தகடு அடிக்கிறவரு. தட்டிப் பாத்தே கனம் சொல்வாரு. அவருக்குச் சோறு போடுறவளுக்கு நூல் தெரியாதா? இங்க பாருங்க, பாவு ஒத்தை, ஊடையும் ஒத்தை! ஐயா, நீங்களே வந்து பாருங்க!"

வந்தார்கள். கோவிந்தசாமி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நூலை எண்ண உட்கார்ந்தார். மளிகைக்காரர் தாஜ்மகாலைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் அரிசி மூட்டைகள் தெரிந்தன. பால்காரர் மாட்டோடு வந்தார். சுப்பிரமணியத்தின் மனைவி இதுதான் சமயம் என்று பூக்கூடைகளை வெளியே எடுத்து வைத்தாள். காப்பிக்கடை ஆ செங் கையில் தகரக் குவளையோடு, "பாய், கம்மி பண்ணு லா! காலைல சண்டை வேணாம் லா!" என்று எனக்கே துரோகம் செய்தான்.

"ஏழு!" என்றேன்.

"அஞ்சரை!"

"ஆறேமுக்கால்!"

"பேத்தி காதுகுத்துக்குப் பாய்கிட்டதான் எடுப்பேன்னு சொல்லிட்டு வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்." அவள் குரல் இறங்கியது. அது உண்மையா, வித்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு கையை முழுசாக விரித்தேன். மறு கையில் ஒரு விரலைத் தூக்கினேன். ஆறு.

பூவம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தெருவே சிரித்தது. டக்.

திங்கட்கிழமை சந்திரமதிக்குத் துணையாக நானும் போனேன். அந்த அதிகாரி படத்தை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒருத்தர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லையே?" என்றார்.

"அவங்களுக்கு வேலை இருந்துச்சு சார்" என்றாள் சந்திரமதி.

அவர் கோப்பைத் திறந்து பாம்பாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். திரும்ப உள்ளே வைக்கவில்லை.

கண்காட்சி திறந்த அன்று தெருவே பஸ் ஏறியது. சுப்பிரமணியத்தின் கோட்டு, கோவிந்தசாமியின் அங்கவஸ்திரம், என் ஜரிகைத் தொப்பி, எல்லாம் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டன. சுவரில் ஆள் உயரத்துக்கு எங்கள் தெரு. கூடை நிறையப் பூ, கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் அரிசி, நூலோடு மூக்கை உரசுகிற கோவிந்தசாமி, மாட்டின் கொம்புக்கும் குவளையின் ஆவிக்கும் நடுவில் பூவம்மாவின் சிரிப்பு. கழற்றி எறிந்த கோட்டு மேசை ஓரத்தில் ஒரு கையைத் தொங்கவிட்டிருந்தது. கீழே 'சிராங்கூன் ரோடு, காலை. படம்: சந்திரமதி' என்று எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் அந்தப் படத்தின் முன்னால் மட்டும் தேங்கித் தேங்கி நின்றார்கள். பரமசிவம் மாமா யார் வந்தாலும், "கேமரா என்னோடது, கண்ணு அவளோடது" என்றார். அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பாராட்டு அதுதான்.

என் தகப்பனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"காதரு, எந்தச் சேலை அது?"

"மாம்பழ வாயில், அத்தா."

"ஆறுக்கா கொடுத்தே?" படத்தில் என் விரல்களை எண்ணிவிட்டார்.

"படத்துக்காகக் கொடுத்தேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா படத்துக்காகக் கொடுத்த மாதிரி தெரியலையே" என்றார். ஆனால் படத்தை விட்டு நகரவில்லை.

அடுத்த மாதம் போணி நேரத்தில் செம்பவாங் பஸ்ஸிலிருந்து பூவம்மா இறங்கினாள். பின்னால் ஐந்து பெண்கள். கையில் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த படம், நாலாக மடித்தது.

"பாய், இவங்க எல்லாருக்கும் மாம்பழ வாயில் வேணுமாம். பதினொண்ணுன்னு ஆரம்பிக்கிறீங்களா, இல்ல நேரா இதுக்கே வந்துடலாமா?"

படத்தை விரித்து என் ஆறு விரலையும் காட்டினாள். மறுத்திருக்கலாம். அது வேறு சேலை என்று சத்தியம் செய்யாமலே நம்ப வைக்கிற வாய் எனக்கு உண்டு. ஆனால் கல்லாவுக்குப் பின்னால், என் தலைக்கு நேர்மேலே, அதே படம் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. சந்திரமதியிடம் கேட்டு வாங்கி நான்தான் ஆணி அடித்திருந்தேன்.

"ஆறுதான் அக்கா" என்றேன். "நூல மட்டும் எண்ணாதீங்க."