உடன்பிறந்தவர்களுக்கு

அண்ணனின் அடையாள அட்டையைத் தேடி மேசை இழுப்பறையைக் கட்டிலில் கவிழ்த்தாள் தங்கை. இறப்பைப் பதிய அதைக் கேட்டிருந்தார்கள். கூடத்தில் அண்ணன் கிடந்தான். ஐம்பத்தொரு வயது, ஈர்க்குச்சி உடம்பு. காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

வந்தவர்கள் முதலில் அவனைப் பார்த்தார்கள், அடுத்து அவளைப் பார்த்தார்கள். போயிருக்க வேண்டியது இந்தப் பூசணி அல்லவா என்று அந்தப் பார்வை கேட்டது. அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் அவனுக்கு வேலை. ஞாயிறுதோறும் தங்கையை வரச்சொல்லி, லாரிகளுக்கு நடுவே மேடையில் நிற்க வைப்பான். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான்கு கிலோ குறைத்தபோதும் நூறு என்றே காட்டியது. "தின்னுட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்பான். டிரைவர்கள் சிரிப்பார்கள். அக்கறை உள்ளவன்தானே ஏசுவான் என்று பொறுத்துக்கொள்வாள்.

அட்டை கிடைக்கவில்லை. கொழுப்புக்கான மாத்திரைகள் கிடைத்தன. அடியில் ஒரு டாக்டர் கடிதம், பதினோரு வருடத்துக்கு முந்தையது. இந்த ரத்தக் கொழுப்பு பரம்பரையாக வருவது. ஒல்லியானவர்களையும் விடாது, எடை கூடினால் மாரடைப்பு ஆபத்தும் கூடும். உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அண்ணி கதவருகில் நின்றிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"பதினோரு வருஷமாவா?"

"சொல்லுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'எனக்கே இருக்குன்னு தெரிஞ்சா அவ என் பேச்ச மதிப்பாளா? எடைய குறைச்சா போதும், நான் பாத்துக்கறேன்'னாரு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

அண்ணி கட்டிலில் கொட்டியவற்றை இழுப்பறையில் அள்ளிப் போடத் தொடங்கினாள்.

தங்கைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கூடப்பிறந்தவனே கழுத்தை அறுத்துவிட்டான். செத்தவன் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்க முடியுமா? கடிதத்தை மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அவளுடைய மகள் நான்கு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கியபடி படியேறி வந்தாள்.

"தாய்மாமனையே உரிச்சு வச்சிருக்கா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஒரு பொட்டு சதை கிடையாது. இவளுக்கெல்லாம் நோய்நொடி அண்டுமா?"

தங்கை குறுக்கே போய், நாற்காலிகளைத் தானே வாங்கி இறக்கினாள். ஒன்றைப் பிரித்துச் சுவரோரமாகப் போட்டாள்.

"ஒக்காரு."

"எனக்கென்னம்மா? இன்னும் கீழ ஆறு கெடக்கு."

"ஒக்காருடி."

மகள் உட்கார்ந்தாள். அவளுடைய மெலிந்த மணிக்கட்டைப் பிடித்தபடி அம்மா பக்கத்திலேயே நின்றாள். அண்ணனைத் தூக்க ஆட்கள் வந்தபோதும் விடவில்லை.