ஒன்று விட்டு ஒரு படி

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் ஜில்டா ஒவ்வொரு படியையும் முதலில் நனைத்துக்கொண்டாள். பிறகு முட்டி போட்டு, முகமூடிக்குள் மூச்சு வாங்க, இழுத்து இழுத்துச் சுரண்டினாள். பழுப்பு உரிந்து வந்தது. அதற்கு அடியில் பச்சை. பச்சைக்கும் அடியில், யாரோ எந்தக் காலத்திலோ அடித்த சாம்பல் நிறம்.

"வீட்டை வாங்கின ஒவ்வொருத்தனும் ஆளுக்கு ஒரு கை அடிச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள் ஜில்டா.

முதல் மாடி வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்ற பென்விண்டா எட்டிப் பார்த்தாள். "இப்ப நீ எத்தனாவது ஓனரைச் சுரண்டிட்டிருக்கே?"

"மூணாவது ஆளு. ரொம்ப அழுத்தக்காரன், வரமாட்டேங்குறான்."

பென்விண்டா சிரித்த சிரிப்பில் காப்பி படியில் சிந்தியது. "துடைக்காதக்கா, அதையும் சேத்துச் சுரண்டிடறேன்," என்றாள் ஜில்டா.

அமெரிக்காவின் பாவ்டக்கெட் ஊரில் அந்தத் தெரு முழுக்க இப்படி மர வீடுகள்தான். இந்த வீட்டில் தரைத்தளம் காலியாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. முதல் மாடியில் பென்விண்டா. முதியோர் இல்லத்தில் இரவு வேலை. உச்சி மாடியில் அர்லிண்டோ மாமா. நகைத் தொழிற்சாலையில் மெருகு போட்டே முதுகு வளைந்தவர். பனிக்காலத்தில் ஒரு நாள் கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. பாதிப் படிகள் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். எலும்பு தப்பியது, தைரியம் போய்விட்டது. அதன்பிறகு அவர் கீழே வரவே இல்லை.

வீட்டுக்காரர் புளோரிடாவில் இருந்தார். பென்விண்டா போன் மேல் போன் போட்டதில், "செய்யணும்னா செஞ்சுக்குங்க, நான் தடுக்கல," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் கேப் வர்ட் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் சங்கத்தில் பென்விண்டா மீன் பொரித்து விற்றாள். ஓரளவு சேர்ந்ததும், பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற ஜில்டாவைப் பிடித்தாள். "தரை, படிக்கட்டெல்லாம் நீதானே பாக்கறே? எங்க வீட்டுக்கு வா. உன் முதலாளி வேணாம், நீ வா."

அதற்குள் ஜில்டா முதலாளியை விட்டிருந்தாள். பல வருடம் அவருடைய வண்டியில் போய் எத்தனையோ வீடுகளை இழைத்துப் பளபளக்க வைத்தவள். வீட்டுக்காரர்களிடம் அவர் ஒரு தடவைகூட அவள் பெயரைச் சொன்னதில்லை. "நம்ம பொண்ணு" என்பதோடு சரி. இது அவள் தன் பெயரில் எடுத்த முதல் வேலை. உப்புத்தாள் மிஷின் மச்சானிடம் இரவல்.

சாம்பல் நிறமும் போனதும் மரம் முகம் காட்டியது. நல்ல ஓக். ஈரத்துணியால் துடைத்ததும் ரேகைகள் தேன் நிறத்தில் எழும்பி வந்தன. ஜில்டா முகமூடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுக் கூவினாள். மேலே கதவு திறந்தது.

"என்னாச்சு? விரலை வெட்டிக்கிட்டியா?" அர்லிண்டோவின் குரல்.

"இல்ல மாமா! ஓக்கு! அத்தனையும் ஓக்கு!"

"சும்மா விரலையே வெட்டிக்கிட்ட மாதிரி கத்துறே," என்றவர் உள்ளே போய்த் தன் நாலு தந்திச் சின்னக் கிதாரை எடுத்து வந்து, மேல்படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து ஜில்டா சுரண்டும் வேகத்துக்கு ஒரு பாட்டு, இழைக்கும் வேகத்துக்கு வேறு பாட்டு.

கீழே கைப்பிடி முடியும் இடத்தில் நின்ற தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்த அன்றுதான் அவள் முகம் மாறியது. அசையக்கூடாத தூண் அவள் கையோடு திரும்பியது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குள் ஊர்ந்து போய் விளக்கடித்துப் பார்த்தாள். படிகளைத் தாங்கும் பக்கவாட்டுப் பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. ஒட்டடைக்கு நடுவே சற்று நேரம் அப்படியே படுத்திருந்தாள். பழைய முதலாளி என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மக்குப் பசை வைத்துப் பிளவை அடை, வார்னிஷ் அடி, கிளம்பு.

வெளியே வந்து, தலையெல்லாம் தூசியோடு பென்விண்டாவிடம் உள்ளதைச் சொன்னாள்.

"அப்படியே விட்டா மாமா மறுபடி விழுவாரா?"

"இன்னிக்கு விழமாட்டாரு. ஆனா ஒரு நாள் எல்லாருமே விழுவீங்க."

"அப்போ பிரிச்சுப் போடு."

"செலவு கூடும்க்கா. நான் பேசினதுக்கு மேல."

பென்விண்டா தன் கூந்தலை முகர்ந்து பார்த்தாள். "ஏற்கெனவே தலை பூரா மீன் நாத்தம். இன்னும் கொஞ்ச வாரம் நாறட்டும். என் புருஷன் இருந்தாத்தானே மூஞ்சியைச் சுளிக்க?"

ஜாக்கி கொடுத்துப் படிகளை மயிரிழை தூக்கி, பிளந்த பலகையை ஒட்டிப் புதுப் பலகை வைத்து, போல்ட்டு போட்டு இறுக்கினார்கள். விளக்கைப் பிடித்தபடி பக்கத்தில் படுத்திருந்த பென்விண்டா, சிலந்தி ஒன்று ஊரும் ஒவ்வொரு தடவையும் அந்தோணியாரைக் கூப்பிட்டாள். "அக்கா, அவரைக் கூப்பிடாதே, இங்க இடமில்ல," என்றாள் ஜில்டா. கடைசி போல்ட்டு இறுகியதும் இருவரும் வெளியே வந்து தூணை முட்டித் தள்ளிப் பார்த்தார்கள். தூண் அசையவில்லை. பென்விண்டா அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

வார்னிஷ் அடிக்கும் நாட்கள் வந்தபோது வீட்டில் ஒரே கூத்து. மாடிக்கு வேறு வழி கிடையாது. அதனால் ஜில்டா ஒன்று விட்டு ஒரு படிக்கு அடித்தாள். அது காய்ந்த பிறகுதான் மற்றவை. சீருடையோடு வேலைக்குக் கிளம்பிய பென்விண்டா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாரைபோல் தாண்டித் தாண்டி இறங்கினாள். அர்லிண்டோவால் தாண்ட முடியாது என்றாலும் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார். அதில் ரொட்டி, காப்பி, சில நாள் பீர் மேலே போகும். கூடை காலியாக வந்தால், "கடை மூடிட்டானா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் இறங்கினார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கிதாரைத் தோளில் மாட்டியிருந்தார். மேல்படியில் நின்று கைப்பிடியைத் தொட்டார். முதலில் விரல்நுனியால், பிறகு முழு உள்ளங்கையால்.

"பயமா இருக்கா மாமா?" என்றாள் கீழே நின்ற ஜில்டா.

"பயமில்ல, எனக்கே கூச்சமா இருக்கு. இவ்ளோ வழவழப்பைத் தொட்டு எவ்ளோ வருஷமாச்சு!"

"வாயைக் குறைச்சுட்டு இறங்குங்க!" என்றாள் பென்விண்டா.

இறங்கினார். ஒரு படிகூட முனகவில்லை. கீழே வந்ததும் வாசல் தாண்டிப் போய், வெயிலில் முகத்தைக் காட்டிக் கண்மூடி நின்றார். பிறகு திரும்பி வந்து படியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். பென்விண்டா சோளமும் பயறும் இறைச்சியும் போட்டுக் காலையிலிருந்தே கொதிக்கவைத்த கச்சூப்பாவைப் பானையோடு கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் தட்டோடு வந்து படிகளை நிறைத்தார்கள். ஆளாளுக்குக் கைப்பிடியைத் தடவினார்கள். "யாரு செஞ்சது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் பென்விண்டா உரக்கச் சொன்னாள்: "ஜில்டா. ஜில்டா தவாரிஸ். பேரை எழுதி வெச்சுக்குங்க!" ஜில்டா தலையைக் குனிந்து கச்சூப்பாவைத் தின்றாள். காது வரை சிவந்திருந்தது.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மடிப்புக் கலையாத சட்டையில் ஓர் இளைஞன் கேமராவோடு இறங்கினான். வீட்டுக்காரர் அனுப்பியதாகச் சொன்னான். படிக்கட்டைப் பார்த்ததும் அவன் புருவம் உயர்ந்தது.

"இப்படி இருக்கும்னு அவர் சொல்லவே இல்லையே! அட்டகாசம்."

"சாப்பிடு தம்பி, முதல்ல சாப்பிடு," என்று பென்விண்டா அவன் கையில் தட்டைத் திணித்தாள். அவன் சாப்பிட்டான். ரசித்துத்தான் சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டான்: "எல்லாரும் கொஞ்சம் வெளிய போய் நிக்க முடியுமா? படிக்கட்டு மட்டும் தனியா வேணும். ஆள் இருக்கக் கூடாது."

"நம்ம படிக்கட்டுக்குப் போட்டோவாம்!" என்று அர்லிண்டோ எழுந்தார். கைப்பிடியைப் பிடித்து, யார் துணையும் இல்லாமல் இறங்கினார். எல்லோரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே நடைபாதைக்குப் போனார்கள். கடைசியாக வந்த ஜில்டாவின் கண்ணில் காரின் திறந்திருந்த பின்பக்கம் பட்டது. உள்ளே, தரையில் நடுவதற்கான கம்புகளோடு, 'விற்பனைக்கு' என்ற பலகை கிடந்தது.

"நல்லா வருமா தம்பி?" என்று அர்லிண்டோ வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ரொம்ப நல்லா வரும் சார்!"

உள்ளே வெளிச்சம் மின்னி மின்னி அடங்கியது. ஒவ்வொரு மின்னலிலும் படிகள் கீழிருந்து மேல்வரை தேன் நிறத்தில் ஒளிர்ந்தன, மேலே ஒரு ஜீவனும் இல்லாமல். நடைபாதையில் கச்சூப்பா ஆறிக்கொண்டிருந்தது.